அனுமதி இல்லாத நுழைவு

(பெங்களூரின் பொம்மசந்திராவில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஹேக்கிங் என்றால் என்ன, அதில் என்னென்ன வகைகள் உண்டு என்று பேசச் சொன்னார்கள் இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர்கள். 'இது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மென்பொருள் பொறியாளர்களுக்கு உரிய பேச்சு, லேத் பட்டறையில் நிற்கும் நமக்கு எதற்கு?' என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நாம் நிற்கும் இடத்தைச் சற்றுச் சுற்றிப் பாருங்கள். இந்தத் தொழிற்பேட்டையில் உலோகம் வெட்டுவது சி.என்.சி. இயந்திரம், அதற்குள் இருப்பது கணினி. பக்கத்தில் இருக்கும் நாராயணா மருத்துவ நகரத்தில் இதய நோயாளியின் கோப்பு கணினியில் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் முதல் ஆர்.வி. ரோட்டிலிருந்து நம் பொம்மசந்திரா வரை ஓடும் மஞ்சள் வழித்தட மெட்ரோவின் ரயில்கள் ஓட்டுநர் இல்லாமலும் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. சம்பளம் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அம்மாவுக்குத் தருமபுரிக்கு அனுப்பும் பணம் கைபேசி வழியாகப் போகிறது. ஆகவே இது நம்முடைய பேச்சுதான்.

மூன்று செய்திகளைச் சொல்லப் போகிறேன். ஹேக்கிங்கில் நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது அனுமதி. கெட்ட ஹேக்கிங் பெரும்பாலும் நம் நம்பிக்கை வழியாகத்தான் உள்ளே வருகிறது. அது வளர்வது நம் மௌனத்தில். இந்த மூன்றையும் நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டே விளக்குகிறேன்.

பொருள் என்ன?

ஒரு தொழிற்சாலைக்குப் போகிறோம். வாயிலில் கேட் பாஸ் தருகிறார்கள். எந்த ஷெட், யாரைப் பார்க்க, எத்தனை மணி வரை என்று அதில் எழுதியிருக்கும். அந்த ஷெட்டுக்குப் போனால் வேலை. அதே பாஸைக் காட்டிக்கொண்டு ஸ்டோருக்குள் நுழைந்தால் அத்துமீறல். பாஸே இல்லாமல் பின்சுவர் ஏறிக் குதித்தாலும் அத்துமீறல். ஆனால் முதலாளியே ஒருவரை அழைத்து, 'எங்கள் சுவர் எங்கே பலவீனமாக இருக்கிறது, ஏறிப் பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேட்டால், அதே சுவர் ஏறும் வேலை சேவையாகிவிடுகிறது. ஏறுகிற திறமை ஒன்றுதான், அனுமதிதான் வேறு. கணினியோ வலைப்பின்னலோ மென்பொருளோ, அதில் இருக்கும் பலவீனத்தைக் கண்டுபிடித்து அதன் வழியே உள்ளே நுழைவதுதான் ஹேக்கிங்.

1950களின் கடைசியில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரயில் மாதிரிகள் செய்யும் மாணவர் மன்றம் ஒன்று இருந்தது. ஒரு சிக்கலைச் சாமர்த்தியமாகத் தீர்ப்பதை அந்த மாணவர்கள் ஹேக் என்று சொன்னார்கள். அப்போது அது பாராட்டு. 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் வெளியிட்ட தானே பெருகும் நிரல் ஒன்று, அன்றைய இணையத்தில் இருந்த ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. அதற்காக அவர் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார். ஹேக்கிங் என்றதும் குற்றம் நினைவுக்கு வருவது ஏறக்குறைய அந்தக் காலத்தில் வேரூன்றியது.

நம் நாட்டுச் சட்டமும் அனுமதியைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் வந்தது. உரியவரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவது, தரவை நகலெடுப்பது, வைரஸைப் புகுத்துவது, சேவையை முடக்குவது ஆகியவற்றை அதன் 43ஆம் பிரிவு வரிசையாகச் சொல்லி, அவற்றைச் செய்தவர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. இதே செயல்களை நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி அது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடையாளத் திருட்டுக்கு 66சி, ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி, நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கும் சைபர் பயங்கரவாதத்துக்கு 66எஃப் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதற்கு ஆயுள் தண்டனை வரை உண்டு.

அனுமதியின் எல்லை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு நம் பெங்களூரிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2017இல் இங்கே ஒரு மென்பொருள் பொறியாளர் கைது செய்யப்பட்டார். ஆதார் விவரங்களைச் சரிபார்க்கும் ஒரு செயலியை அவர் உருவாக்கி மக்கள் பயன்பாட்டுக்கு விட்டிருந்தார். ஆதார் விவரங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரம் அவருடைய செயலிக்கு இல்லை. அரசு மருத்துவமனைகளுக்கான ஈ-ஹாஸ்பிடல் அமைப்புக்கு அந்த அதிகாரம் இருந்தது. அதன் வழியாகத் தன் செயலியின் கேள்விகளை அவர் அனுப்பினார் என்பதே குற்றச்சாட்டு. ஆதாரின் மையத் தரவுத்தளத்தை யாரும் உடைக்கவில்லை என்று ஆதார் ஆணையம் சொன்னது. பூட்டு உடையவில்லை, வேறொருவருக்குக் கொடுத்த பாஸ் பயன்பட்டுவிட்டது. அனுமதி இல்லாத நுழைவு என்பது பூட்டை உடைப்பது மட்டும் இல்லை என்று நாம் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

யார், எதற்காக?

நுழைகிறவரின் நோக்கத்தைக் கொண்டு ஹேக்கர்களை மூன்று தொப்பிகளாகப் பிரிப்பது வழக்கம். வெள்ளைத் தொப்பிக்காரர் அனுமதி பெற்றுச் சோதித்து, கண்ட குறையை உரியவரிடம் சொல்கிறார். கறுப்புத் தொப்பிக்காரர் திருடவும் கெடுக்கவும் நுழைகிறார். சாம்பல் தொப்பிக்காரர் அனுமதி கேட்காமல் நுழைகிறார், ஆனால் கெடுக்காமல் தகவல் சொல்கிறார். அரசுகளின் துணையோடு இயங்கும் குழுக்களும், அரசியல் எதிர்ப்பைக் காட்ட இணையதளங்களை முடக்கும் குழுக்களும் இவர்களைத் தவிர இருக்கின்றன. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்ததற்கு எதிர்ப்புத் தெரிவித்து, அடுத்த மாதமே பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கணினிகளுக்குள் மில்வோர்ம் என்ற பதின்வயதினர் குழு நுழைந்து மின்னஞ்சல்களை எடுத்தது அப்படிப்பட்ட ஒன்று.

வெள்ளைத் தொப்பிக்காரர்களைப் பற்றி நம் பிள்ளைகள் அதிகம் கேள்விப்படுவதில்லை. அதனால் இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் பெங்களூரில் வேலை பார்த்த ஆனந்த் பிரகாஷ், மற்றவர் சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா.

ஃபேஸ்புக்கில் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் 6 இலக்க எண் ஒன்று நமக்கு வரும். 6 இலக்கம் என்றால் 10 லட்சம் வாய்ப்புகள். கணினியைக் கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் சரியான எண் கிடைத்துவிடும். ஆகவே பத்துப் பன்னிரண்டு முறை தவறினால் முதன்மைத் தளம் தடுத்துவிடும். அதே நிறுவனத்தின் சோதனைத் தளத்தில் அந்தத் தடுப்பு இல்லை என்பதை ஆனந்த் பிரகாஷ் 2016 பிப்ரவரியில் கண்டுபிடித்தார். தன் சொந்தக் கணக்கிலேயே சோதித்துவிட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தார். உடனே குறையைச் சரிசெய்தார்கள். அவருக்கு 15,000 டாலர் வெகுமதி கிடைத்தது. 2019இல் லக்ஷ்மண் முத்தையா இன்ஸ்டாகிராமின் 6 இலக்க எண்ணைச் சோதித்தார். அங்கே தடுப்பு இருந்தது. ஆனால் பல இணைய முகவரிகளிலிருந்து ஒரே நேரத்தில் முயற்சிகளை அனுப்பினால் அந்தத் தடுப்பைத் தாண்ட முடியும் என்று நிரூபித்துக் காட்டினார். அவருக்கு 30,000 டாலர் கிடைத்தது. கோடிக்கணக்கானவர்களின் கணக்குகள் திருடர் கைக்குப் போகாமல் இவர்கள் காத்தார்கள்.

இந்தக் கூட்டத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. குறை கண்டால் வெகுமதி தருகிறோம் என்று அறிவித்திருக்கும் நிறுவனங்களிடம் விதிகளைப் படித்துவிட்டுச் சோதியுங்கள். அழைப்பு இல்லாத இடத்தில், நோக்கம் நல்லதாக இருந்தாலும், நுழையாதீர்கள். அனுமதி இல்லாத நுழைவுக்கு 43ஆம் பிரிவு பொருந்தும், அங்கே நல்லெண்ணம் உங்களைக் காப்பாற்றாது.

பெங்களூரில் திறந்த கதவு, நியூயார்க்கில் கொட்டிய பணம்

கறுப்புத் தொப்பிக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு உலகமே பேசிய ஒரு கொள்ளையைச் சொல்கிறேன். அதன் ஒரு கதவு பெங்களூரில் திறந்தது.

2012 டிசம்பரில், ஐக்கிய அரபு அமீரகத்து ராக் வங்கியின் ப்ரீபெய்டு அட்டைகளைக் கையாண்ட புனே நிறுவனத்தின் கணினிகளுக்குள் ஒரு கும்பல் நுழைந்தது. அட்டைகளின் பண வரம்பை நீக்கியது. அந்த எண்களைக் காந்தப் பட்டை உள்ள சாதாரண அட்டைகளில் பதித்து, 20 நாடுகளில் ஏ.டி.எம்.களில் 50 லட்சம் டாலர் எடுத்தது. அது ஒத்திகைபோல ஆனது. 2013 பிப்ரவரி 19, 20 தேதிகளில் ஓமன் நாட்டு மஸ்கட் வங்கியின் அட்டைகளைக் குறிவைத்தார்கள். இம்முறை அவர்கள் நுழைந்தது, பெங்களூரில் செயல்பட்டுவந்த என்ஸ்டேஜ் நிறுவனத்தின் அமைப்புக்குள். வெறும் 12 அட்டை எண்கள். அவற்றைக் கொண்டு ஏறத்தாழ 10 மணி நேரத்தில், 24 நாடுகளில், 36,000 முறை பணம் எடுத்தார்கள். மொத்தம் 4 கோடி டாலர். நியூயார்க் நகரத்தில் மட்டும் 2,904 முறை எடுத்து 24 லட்சம் டாலர் திரட்டினார்கள். இந்தக் கொள்ளைகளின் சூத்திரதாரிகளில் ஒருவரான துருக்கி நாட்டவருக்கு 2017இல் அமெரிக்க நீதிமன்றம் 8 ஆண்டுச் சிறை விதித்தது.

இதில் எந்த வங்கியின் பெட்டகமும் உடையவில்லை. வங்கி தன் வேலையை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. அந்த நிறுவனத்தின் கணினியை வங்கி நம்பியது, அந்தக் கணினி சொன்னதை ஏ.டி.எம். நம்பியது. கும்பல் இந்த நம்பிக்கைச் சங்கிலியின் ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டது. வெளிநாடுகளின் வேலையை எடுத்துச் செய்யும் ஊர் பெங்களூர். அதனால் இங்கே ஒரு கணினியில் நடக்கும் கவனக்குறைவின் விலையை உலகத்தின் வேறொரு மூலை கொடுக்க நேர்கிறது. 2019 ஏப்ரலில் தன் ஊழியர்கள் சிலரின் கணக்குகள் தூண்டில் மின்னஞ்சலில் சிக்கியதாக விப்ரோ ஒப்புக்கொண்டபோதும், விப்ரோ வழியாக அதன் வாடிக்கையாளர்களிடம் திருடர்கள் போய்விடுவார்களோ என்பதே பெரிய கவலையாக இருந்தது. 2023 நவம்பரில் இன்ஃபோசிஸின் அமெரிக்கத் துணை நிறுவனமான மெக்காமிஷ் தாக்கப்பட்டபோது 60 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்கள் அதில் சிக்கின.

கும்பகோணத்தில் நின்ற பிரிண்டர்

இப்போது நம் தமிழ் மண்ணுக்கு வருகிறேன். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி 1904இல் தொடங்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் அந்த வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்பின் வழியாக, வங்கி அனுப்பாத மூன்று பண உத்தரவுகள் வெளிநாட்டுக்குப் போயின. வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் செய்தித் தொடர்புதான் ஸ்விஃப்ட். ஒன்று துபாய்க்கு, ஒன்று துருக்கிக்கு, ஒன்று சீனாவுக்கு. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர்.

உத்தரவு போனதும் அதற்கான ஒப்புகைச் செய்தி வங்கியின் பிரிண்டரில் அச்சாகி வர வேண்டும். பிப்ரவரி 6 அன்று பிரிண்டர் வேலை செய்யவில்லை. ஊடுருவியவர்களே அதை முடக்கியிருந்தார்கள். மறுநாள் காலை கணக்கைச் சரிபார்த்தபோதுதான் தாங்கள் அனுப்பாத உத்தரவுகள் இருப்பதை ஊழியர்கள் கண்டார்கள். உடனே அந்தந்த நாட்டு வங்கிகளைத் தொடர்புகொண்டார்கள். துபாய்க்குப் போக இருந்த 5 லட்சம் டாலர் நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டது. சில நாட்களில் நடந்ததை வங்கி பகிரங்கமாக அறிவித்தது. இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8 கோடி 10 லட்சம் டாலர் களவு போனபோதும் இதே போலப் பிரிண்டர் நின்றிருந்தது. சாதாரணக் கோளாறு என்று அங்கே அதை முதலில் விட்டுவிட்டார்கள்.

தோழர்களே, இயந்திரங்களோடு பழகும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நின்றுபோன கருவி நமக்கு ஏதோ சொல்கிறது. ஏன் நின்றது என்று உடனே கேட்பவர் சேதத்தைக் குறைக்கிறார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர் திருடனுக்கு ஓர் இரவைக் கொடுத்துவிடுகிறார்.

எந்தெந்த வழிகளில்?

வழிமுறைகளைக் கொண்டு பிரித்தால் வகைகள் நிறைய. முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, தூண்டில் போடுதல். வங்கி, மின்வாரியம், கூரியர், போக்குவரத்துக் காவல்துறை என்று யார் பெயரிலாவது ஒரு செய்தி வரும். அதில் உள்ள இணைப்பைத் தொட்டால் போலிப் பக்கம் திறக்கும், கடவுச்சொல்லை நாமே தட்டச்சு செய்து கொடுத்துவிடுவோம். இப்போது நம் ஊரில் அதிகம் நடப்பது ஏ.பி.கே. கோப்பு மோசடி. போக்குவரத்து அபராதச் சீட்டு என்றோ, கல்யாணப் பத்திரிகை என்றோ வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வரும். அதை நிறுவிவிட்டால் நமக்கு வரும் குறுஞ்செய்திகளை, ஒருமுறைக் கடவு எண் உட்பட, அந்தச் செயலி வேறொருவருக்கு அனுப்பிவிடும். பெரிய நிறுவனங்களைக் கவிழ்த்த தாக்குதல்களில் பலவும் இப்படிப்பட்ட எளிய தூண்டிலில்தான் தொடங்கின.

இரண்டாவது, கடவுச்சொல்லை உடைத்தல். ஓரிடத்தில் கசிந்த கடவுச்சொல்லை மற்ற இடங்களில் எல்லாம் போட்டுப் பார்ப்பார்கள். எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல் வைத்திருப்பவர் ஒரு கசிவில் எல்லாவற்றையும் இழக்கிறார்.

மூன்றாவது, இணையதளத்தின் குறை வழியாக நுழைதல். பெயரோ எண்ணோ கேட்கும் கட்டத்தில் தரவுத்தளத்துக்கான கட்டளையையே எழுதி அனுப்புவார்கள். நிரல் எழுதியவர் அதைச் சரிபார்க்காமல் விட்டிருந்தால் மொத்தத் தரவும் வெளியே வந்துவிடும். மென்பொருள் எழுதும் வேலையில் இருப்பவர்கள், உங்கள் ஒரு வரி அலட்சியம் லட்சம் பேரின் விவரத்தைத் தெருவில் வைத்துவிடும் என்பதை மறக்கக் கூடாது.

நான்காவது, சேவையை முடக்குதல். ஆயிரக்கணக்கான கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் ஒரு தளத்துக்குக் கோரிக்கைகளை அனுப்பித் திணறடிப்பார்கள். இதில் எதையும் திருடுவதில்லை. உண்மையான வாடிக்கையாளர் உள்ளே வர முடியாமல் போகும்.

ஐந்தாவது, சிம் மாற்று மோசடி. உங்கள் எண்ணுக்கே புதிய சிம் அட்டையை வாங்கிவிடுவார்கள். உங்கள் கைபேசியில் திடீரென்று சிக்னல் நின்றுவிடும். கும்பகோணத்துப் பிரிண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தவருக்கு எல்லாம் சிக்னல் இருக்க, உங்களுக்கு மட்டும் நீண்ட நேரம் இல்லையென்றால் உடனே சேவை நிறுவனத்தையும் வங்கியையும் கேளுங்கள்.

ஆறாவது, உள்ளே இருப்பவர் வழியாக நுழைதல். 2025 ஜூலை 19 அன்று காயின்டிசிஎக்ஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தையிலிருந்து 4 கோடியே 40 லட்சம் டாலர், அதாவது சுமார் 379 கோடி ரூபாய், களவு போனது. அதன் பெங்களூர் ஊழியர் ஒருவரைக் காவல்துறை கைது செய்தது. அலுவலக மடிக்கணினியில் அவர் வெளி ஆட்களுக்குப் பகுதிநேர வேலை செய்துவந்தார், அவர்கள் அனுப்பிய கோப்பு வழியாகத் தீய நிரல் உள்ளே போனது என்பது காவல்துறையின் கூற்று. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நமக்கு உரிய பாடம் இப்போதே தெரிகிறது. வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் என்று முகம் தெரியாதவர் தரும் வேலையை ஏற்கும் முன் பலமுறை யோசியுங்கள். அலுவலகக் கணினியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஏழாவது, பணயத் தாக்குதல். கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்பது. இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இது நேராகத் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைக்கும் வருகிறது.

இயந்திரம் நின்றால் யாருக்கு இழப்பு?

2017 மே 12 அன்று தொடங்கிய வன்னாகிரை தாக்குதல் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டியது. சென்னையின் ரெனோ-நிசான் கார் ஆலையும் அதனால் பாதிக்கப்பட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதை நிறுவாமல் விட்டிருந்த கணினிகள்தான் பெரும்பாலும் சிக்கின. அடுத்த ஆண்டு தைவானின் டி.எஸ்.எம்.சி. சிப் ஆலைகள் அதே வைரஸின் ஒரு வகையால் நின்றன. புதிய கருவி ஒன்றில் மென்பொருள் நிறுவும்போது வைரஸ் சோதனை செய்யாமல் விட்டதுதான் காரணம்.

2025 செப்டம்பரில் டாடாவுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவரின் ஆலைகள் சைபர் தாக்குதலால் மாதம் முழுவதும் முடங்கிக் கிடந்தன. பிரிட்டன் பொருளாதாரத்துக்கு ஏற்பட்ட இழப்பை 190 கோடி பவுண்டு என்று அந்நாட்டின் சைபர் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு அந்த நிறுவனத்துக்கும் அதற்கு உதிரிபாகம் செய்துதரும் நிறுவனங்களுக்கும் ஏற்பட்ட இழப்பு. பெரிய ஆலை நின்றால் அதை நம்பியிருக்கும் சிறு பட்டறையில் ஆர்டர் நிற்கிறது. ஆர்டர் நின்றால் ஒப்பந்தத் தொழிலாளியின் ஷிஃப்ட் நிற்கிறது. பொம்மசந்திராவும் ஜிகணியும் அப்படிப்பட்ட சிறு பட்டறைகளால் நிறைந்த ஊர்கள். அதனால்தான் சொல்கிறேன், ஹேக்கிங் கூலித் தொழிலாளியின் வயிற்றையும் தொடுகிற விஷயம்.

மருத்துவமனையில் இன்னும் கொடுமை. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலால் முடங்கின. ஏறக்குறைய இரண்டு வாரம் பதிவு, பரிசோதனை, அறிக்கை எல்லாம் கையால் எழுதப்பட்டன. விடியற்காலையிலிருந்து வரிசையில் நிற்கும் ஏழை நோயாளிதான் அதன் சுமையைத் தாங்கினார்.

இயந்திரத்தையே குறிவைத்த தாக்குதலும் உண்டு. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற நிரல், சீமென்ஸ் நிறுவனத்தின் பி.எல்.சி. கட்டுப்பாட்டுக் கருவிகள் வழியாக ஈரானின் நடான்ஸ் அணு நிலையத்துச் சுழற்கருவிகளைக் கெடுத்தது. இணையத்தோடு இணையாத இடத்துக்கு அது யூ.எஸ்.பி. வழியாகப் பரவக்கூடியதாக இருந்தது. அது அதிகம் பரவிய நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா இருந்தது. ஆலைக்குள் சொந்த பென்டிரைவைச் செருகக் கூடாது என்று மேற்பார்வையாளர் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் வேலையையும் காக்கும் விதி.

மௌனம் யாருக்கு உதவுகிறது?

இப்போது என் மூன்றாவது செய்திக்கு வருகிறேன். 2019 அக்டோபர் கடைசியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஊடுருவல் நடந்திருக்கிறது என்று செய்தி பரவியது. 29ஆம் தேதி நிலையத்தின் சார்பில் அது மறுக்கப்பட்டது. மறுநாளே, இந்திய அணுமின் கழகம் தன் கணினி ஒன்றில் தீய நிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை என்று அறிவித்தது. அதைப் பற்றிச் செப்டம்பர் 4 அன்றே தகவல் வந்துவிட்டது என்றும், அது நிர்வாக வேலைக்கான இணையத் தொடர்புள்ள கணினி என்றும், உலைகளின் கட்டுப்பாட்டு அமைப்பு தனியானது என்றும் விளக்கியது. உலைக்கு ஆபத்து நேரவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் முதலில் மறுத்துவிட்டு அடுத்த நாள் ஒப்புக்கொண்டதால், உண்மையான விளக்கத்தையும் மக்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அந்த மறுப்பு தேவையே இல்லாதது.

கும்பகோணத்து வங்கியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடனே பேசியவர்களால் பணத்தில் ஒரு பகுதியைத் தடுக்க முடிந்தது. மறைப்பதால் நிறுவனத்தின் மானம் காப்பாற்றப்படுவதில்லை, அடுத்து அடிபட இருப்பவருக்குக் கிடைக்க வேண்டிய எச்சரிக்கைதான் தடுக்கப்படுகிறது. அதனால்தான் 2022 ஏப்ரலில், சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் நிறுவனங்களுக்குக் கட்டளையிட்டது. 2023இல் வந்த மின்னணுத் தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மக்களின் தரவைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. இந்தச் சட்டங்கள் ஏட்டோடு நிற்காமல் நடைமுறைக்கு வர வேண்டும் என்று கேட்கும் உரிமை தரவைக் கொடுத்த நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.

வீட்டிலும் இதே நியாயம்தான். பணம் போய்விட்டால் கணவரிடம் சொல்லப் பயப்படும் மனைவி, மகனிடம் சொல்லக் கூசும் அப்பா, அறைத் தோழர்கள் கேலி செய்வார்களே என்று மறைக்கும் இளைஞர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெரிய வங்கிகளையும் மென்பொருள் நிறுவனங்களையும் ஏமாற்றத் தெரிந்த கும்பல் நம்மையும் ஏமாற்றியது என்றால் அதில் நமக்கு அவமானம் இல்லை. ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை யார் அனுப்பியிருந்தாலும் நிறுவாதீர்கள், அனுப்பிய உறவினரின் கைபேசியே திருடர் வசம் இருக்கலாம். ஒருமுறைக் கடவு எண்ணையும் யு.பி.ஐ. பின் எண்ணையும் யாருக்கும் சொல்லாதீர்கள், பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லும் 'வங்கி அதிகாரி'யின் அழைப்பைத் துண்டியுங்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வெவ்வேறு கடவுச்சொல் வையுங்கள், இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு வையுங்கள். கைபேசியும் கணினியும் கேட்கும் மென்பொருள் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். தொழிற்சாலையில் கணினித் திரையில் வழக்கத்துக்கு மாறாக எதைக் கண்டாலும், அது உங்கள் கைத்தவறால் வந்தது என்று தோன்றினாலும், மேற்பார்வையாளரிடம் அப்போதே சொல்லுங்கள். மேற்பார்வையாளர்களே, சொன்னவரைத் தண்டிக்காதீர்கள்.

இந்தியாவின் முதல் சைபர் குற்றக் காவல் நிலையம் 2001இல் தொடங்கப்பட்டது நம் பெங்களூரில்தான். முறையிட இடம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. முதல் மணி நேரத்தில் தகவல் போனால் பணம் கைமாறும் முன் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். கன்னடமோ இந்தியோ சரளமாக வராவிட்டால் தெரிந்த நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், ஆனால் மொழிக்குப் பயந்து காத்திருக்காதீர்கள். பணமோ கணக்கோ களவு போனால் நீங்கள் அழைக்க வேண்டிய தேசிய உதவி எண் 1930. இன்று வீட்டுக்குப் போனதும் இந்த எண்ணை வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் கைபேசியிலும் பதிந்து வையுங்கள், ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் சொல்லுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.